இரும்பு டிரம்மில் வெந்த கட்டை

அந்தப் பட்டறையில் இரண்டு ஆண்கள் ஒருவரோடொருவர் பேசிப் பதினொரு மாதம் ஆகிறது. பேச்சு நின்றதே தவிர சண்டை நிற்கவில்லை. வாயைத் திறக்காமல் சண்டை போடுவது எப்படி என்று கற்றுக்கொள்ள யாருக்காவது ஆசை இருந்தால் ஒருநாள் அங்கே வந்து உட்கார்ந்து பார்க்கலாம். ஒருவர் அரத்தை மேசையில் வைக்கிற சத்தத்திலேயே மற்றவரின் ஏழு தலைமுறையையும் இழுத்துவிடுவார். மற்றவர் லேத்தை ஓடவிட்டபடியே வெளியே போய்விடுவார். யார் வந்து நிறுத்துகிறார்கள் பார்ப்போம் என்று அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். கடைசியில் எழுந்து போய் நிறுத்துகிறவள் நடுவில் உட்கார்ந்திருக்கும் மெருகுக்காரிதான்.

ஒருவர் அவளுடைய அண்ணன். இன்னொருவர் அவளுடைய புருஷன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்கு உறவுதான், எந்தப் பக்கமும் அவளுக்கு ஒரு வாய் பேச வழியில்லை.

அவர்கள் கையால் செய்வது புகைக்குழாய். பிரையர் என்று ஒரு மலைப்புதர் உண்டு. அதன் வேரும் தண்டும் சேருகிற இடத்தில் ஆள் தலையளவுக்கு ஒரு முண்டு விளையும். அந்த முண்டை அறுத்தெடுத்த கட்டை லேசில் தீப்பிடிக்காது. மூக்குக்கு நேரே நெருப்பை வைத்துக்கொள்கிற வேலைக்கு அதைவிட நல்ல மரம் கிடையாது. ஆனால் அறுத்த கையோடு குடைய முடியாது. பன்னிரண்டு மணி நேரம் தண்ணீரில் வேகவைத்துப் பாலையும் கசப்பையும் எடுக்க வேண்டும், பிறகு வருஷக்கணக்கில் நிழலில் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டால் கட்டை வெடித்துவிடும். அந்த வீட்டு ஆண்களுக்கும் அதே குணம்தான்.

கட்டை தேர்வது அண்ணன் வேலை. கட்டையின் முகத்தை நாக்கால் நக்கி ஈரமாக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி ரேகை எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார். தெருவில் அவருக்கு நாக்கு என்றே பெயர். குடைவது புருஷன் வேலை. கிண்ணத்தின் அடியும் புகை வருகிற துளையும் சந்திக்கிற இடத்தில் "ஒரு நூல் பிசகாது" என்று பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவருக்கு நூலு என்று பெயர் நின்றுவிட்டது. வாயில் வைக்கிற, எபனைட் என்கிற கெட்டி ரப்பரால் ஆன கறுப்புத் தண்டைப் பொருத்துவதும், உப்புத்தாள் போட்டு, மெழுகு பூசி, துணிச்சக்கரத்தில் மெருகேற்றுவதும் அவள் வேலை. நாக்குக்குத் தப்பிய ஓட்டைகளை அவள்தான் மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பாள். நூல் பிசகிய துளைகளை அவள்தான் மெல்லிய அரம் விட்டு நேராக்குவாள். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இருவருக்கும் ஆளுக்கொரு மூலையில் காய்ச்சல் வந்திருக்கும்.

சண்டைக்குக் காரணம் மூன்று மூட்டைக் கட்டை. பதினொரு மாதத்துக்கு முன்னால் அவ்வளவு கட்டையும் வேகவைத்த அன்று கரிக்கறுப்பாக மாறிப்போனது. பிரையரில் இருக்கும் துவர்ப்புக்கு இரும்பு ஆகாது. இரும்பு பட்டால் மரத்துக்குள் மை ஊறும். அதனால்தான் அப்பா காலத்திலிருந்து செம்புப் பானையில் மட்டும் வேகவைப்பார்கள். அன்றைக்கும் செம்புப் பானைதான். ஆனாலும் கறுத்தது. அடுப்பு முறை புருஷனுடையது என்பதால், மாப்பிள்ளை வேண்டுமென்றே இரும்புத் துண்டைப் போட்டுத் தன் கட்டையைப் பாழாக்கினார் என்று அண்ணன் முடிவு செய்தார். தன்னைக் கெட்டவனாக்க மச்சான்தான் வந்து ஒரு கைப்பிடி ஆணியைப் பானையில் போட்டுவிட்டுப் போனார் என்று புருஷன் முடிவு செய்தார். அன்றோடு பேச்சு அறுந்தது. அதன்பிறகு போன வாரம்வரை புதுக் கட்டை வாங்கவில்லை, செம்புப் பானையை யாரும் தொடவில்லை. பழைய இருப்பை வைத்தே காலம் ஓடியது.

இரண்டு பேர் சொல்வதும் பொய். உண்மை மெருகுக்காரிக்கு மட்டும் தெரியும். கட்டையைக் கறுக்கவைத்தவள் அவள்.

அன்றைக்கு அனல்காற்று. புருஷன் காலை பத்து மணிக்கு அடுப்பை மூட்டிவிட்டு, இதோ வருகிறேன் என்று டீக்கடைப் பின்கட்டுக்குச் சீட்டாடப் போனார். அண்ணன் மதியம் வந்து பானையைப் பார்க்க வேண்டிய முறை. அவர் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மேல்மாடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அண்ணி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். பதினொரு மணிவாக்கில் தீ சீறுகிற சத்தம் கேட்டு மெருகுக்காரி எழுந்து போய்ப் பார்த்தபோது, பானையின் பக்கவாட்டில் பற்றவைத்த இடம் விட்டுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு ஒழுக்காயிற்று. பாதி வெந்த கட்டை அந்தக் காற்றில் ஒரு மணி நேரம் வெளியே கிடந்தால் மேலிருந்து கீழ்வரை பிளந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். இரும்பு ஆகாது என்பது தெரியாது. கட்டைச் சமாசாரத்தில் பெண்களுக்கு என்ன வேலை என்று நினைத்து அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்டதில்லை. ஓரமாகக் கிடந்த இரும்பு டிரம்மைக் கழுவித் தண்ணீர் நிரப்பி, இன்னொரு அடுப்பில் ஏற்றி, தனி ஆளாக இடுக்கியால் ஒவ்வொரு கட்டையாக எடுத்து அதற்கு மாற்றினாள். இடது முழங்கையில் வெந்நீர் பட்டுத் தோல் உரிந்தது. நாலு மணிக்கு மூடியைத் திறந்தால் உள்ளே மை.

மை நீரைச் சாக்கடையில் ஊற்றி, பானையின் விரிசலை மாவு பிசைந்து அடைத்து, மேலே கரியைத் தடவி, கட்டையை எல்லாம் பானைக்கே திருப்பிப் போட்டாள். புருஷன் வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வந்தவர் முதல் வார்த்தையாக, நான் நாள் பூரா இங்கேயேதான் இருந்தேன், யாராவது கேட்டால் அப்படியே சொல்லு என்றார். மாடியிலிருந்து இறங்கிய அண்ணனோ, மதியம் வந்து பார்த்தேன், தண்ணீர் தெளிவாக இருந்தது என்றார். இந்த இரண்டு பொய்களுக்கும் நடுவில் உண்மையைச் செருக இடமே இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று விழுங்கினாள். நாளைக்கு என்பது பதினொரு மாதமாக இழுத்துக்கொண்டு போனது.

இப்போது பட்டறையையே பிரித்துக்கொள்வது என்ற அளவுக்கு வந்துவிட்டது. பஞ்சாயத்துக்கு வந்தவர் சாணைக்காரர். அவர்களுடைய டிரில் பிட்டுகளையும் உளிகளையும் வருஷக்கணக்காகத் தீட்டிக் கொடுப்பவர். ஐம்பது வயசு, எதற்கும் லேசில் மசியாத ஆள். வாயில் எப்போதும் ஒரு கறுத்த, சொரசொரப்பான புகைக்குழாய் தொங்கும். அந்தக் குழாய் எங்கிருந்து வந்தது என்று ஆண்கள் இருவரும் கேட்டதே இல்லை. வெளியே வீசப்பட்ட கறுப்புக் கட்டையில் ஒன்றை எடுத்து, எல்லாரும் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் மெருகுக்காரி செய்து கொடுத்தது அது. முதல் வாரம் மையைக் குடித்த மாதிரி கசந்தது, பிறகு பழகிவிட்டது என்று அவர் ஒருமுறை அவளிடம் மட்டும் சொன்னார்.

பிரிக்கிற முறை ஒன்றுதான். ஒருவர் இரண்டு பங்காகக் கூறு போடுவார், மற்றவர் முதலில் எடுப்பார். கூறு போடுகிறவன் ஏமாற்றினால் அவன் தலையிலேயே விடியும். அண்ணன் கூறு போட்டார். காலை எட்டு மணிக்குத் தொடங்கி, வியர்க்க விறுவிறுக்கப் பத்து மணிவரை இழுத்து இழுத்து வைத்தார்.

ஜன்னலோரக் கூறில் எட்டு வருஷம் காய்ந்த கட்டை நாலு மூட்டை. தட்டினால் கிணுகிணுவென்று ஓடு மாதிரி சத்தம் வரும். அதோடு பட்டை நழுவுகிற பழைய லேத்து, தேய்ந்துபோன பிட்டுகள், பல் போன அரங்கள். கதவோரக் கூறில் இரண்டு வருஷம்கூடக் காயாத கட்டை ஒன்பது மூட்டை. அதோடு புது லேத்து, புகைத் துளைக்கான நீளப் பிட்டுகள், கிண்ணம் குடைகிற ஆறு கரண்டி பிட்டுகள். அவற்றின் நுனி கரண்டிபோல் உருண்டிருக்கும், சாணைக்காரர் கையால் தீட்டிக் கொடுத்தவை. போன வாரம் வந்து ஈரச்சாக்கில் மூடிக்கிடக்கிற பச்சை முண்டுகளை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அவற்றை வேகவைக்க அடுப்பு மூட்டுவது யார் என்பதே ஒரு வாரமாகத் தீராத வழக்கு.

நூலு இரண்டு கூறையும் சுற்றிச் சுற்றி வந்தார். கரண்டி பிட்டைப் பார்த்ததும் அவர் கை தானாகப் போயிற்று, பாதியில் நின்றது. தனக்குப் பிடித்ததை மச்சான் எங்கே வைத்திருக்கிறாரோ அங்கேதான் கண்ணி என்று அவர் கணக்கு. ஜன்னலோரம் போய் ஒரு கட்டையை எடுத்தார். பிறகு யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். பத்து வருஷமாக மச்சானைக் கிண்டல் பண்ணிய அதே காரியம்: நாக்கை நீட்டிக் கட்டையை ஒரு நக்கு நக்கினார். தூசியும் எலிப்புழுக்கையும் நாக்கில் ஒட்ட, முகம் கோணிப்போயிற்று. வாசலில் நின்ற அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. சாணைக்காரரைப் பார்த்து, இது பார்த்தாலும் வராது, நக்கினாலும் வராது, நாக்கு வேண்டும் என்று சொல்லுங்கள் என்றார்.

நேராகப் பேசக்கூடாது என்பதால் எல்லாமே சாணைக்காரர் வழியாகத்தான் போக வேண்டும். புருஷன் பதிலுக்கு, குடைகிற கை இல்லையென்றால் இந்தக் கட்டையெல்லாம் அடுப்புக்குத்தான் என்று சொல்லியனுப்பினார். இரண்டடி தூரத்துக்கு ஒரு தபால்காரர்.

சாணைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த துணிச்சக்கரத்தைக் காட்டி, இது எந்தக் கூறில் சேரும் என்று கேட்டார்.

"அது அவளோட வரும்" என்றார் அண்ணன்.

"அவங்க யாரோட?"

பதில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. என் பெண்டாட்டி என்றார் ஒருவர். எங்கப்பா பட்டறையில் பத்து வயசிலிருந்து மெருகு போட்டவள் என்றார் இன்னொருவர். அவள் நிற்பதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சக்கரத்தையாவது பார்த்தார்கள்.

அவளுக்குக் கோபம் வந்தது. பயத்தை எல்லாம் தள்ளிக்கொண்டு வந்த கோபம். கையில் இருந்த மெழுகுக் கட்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, கட்டை கறுத்தது என்னாலதான். பானை ஒழுகிச்சு. கட்டை வெடிச்சுரும்னு நான்தான் எல்லாத்தையும் இரும்பு டிரம்முக்கு மாத்தினேன். இரும்பு ஆகாதுன்னு எனக்குத் தெரியாது. இவரும் போடல, நீயும் போடல."

இந்த வார்த்தைகளை அவள் எத்தனையோ முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். சொன்னதும் இருவரும் ஆடிப்போவார்கள், ஒருநாள் முழுக்கத் திட்டுவார்கள், மறுநாள் வெட்கப்பட்டுச் சிரித்துவிடுவார்கள் என்று நம்பியிருந்தாள்.

அண்ணன்தான் முதலில் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"புருஷனைக் காப்பாத்தணும்னா வேற ஏதாவது நம்புற மாதிரி சொல்லு. மதியம் பன்னெண்டரைக்கு நான் வந்து மூடியத் தொறந்து பாத்தேன். பானை நிறையக் கட்டை, தண்ணி தெளிவா இருந்துச்சு. அப்ப உன் டிரம் எங்க போச்சு?"

புருஷனுக்கு அதைவிட ஆத்திரம். அவர் சாணைக்காரரிடம் திரும்பி, பத்து மணியிலிருந்து அஞ்சு மணிவரை ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்கவில்லை, கண்கொத்திப் பாம்பாக அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், இவள் எப்படி மூன்று மூட்டைக் கட்டையை எனக்குத் தெரியாமல் மாற்றினாள், அண்ணன் மேல் பழி வந்துவிடக்கூடாது என்று இவள் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்றார். பிறகு அவளிடம் நேராகவே சொன்னார். "பொறந்த வீட்டுப் பாசம் உனக்கு இன்னும் விடலடி."

முழங்கைத் தழும்பைக் காட்டினாள். அடுப்பில் சுட்டுக்கொள்ளாத பெண் யார் என்றாள் அண்ணி. ஆக, உண்மை சொன்னவள் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் துரோகியாகிவிட்டாள். ஒருவர் கண்ணுக்குப் புருஷன் கட்சி, மற்றவர் கண்ணுக்கு அண்ணன் கட்சி. அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சலாக இருந்தது. பதினொரு மாதமாக இந்த இரண்டு மூஞ்சிகளுக்காகவா தூக்கமில்லாமல் கிடந்தோம் என்றிருந்தது.

சாணைக்காரர் குழாயை வாயிலிருந்து எடுத்தார். மூன்று பேர் சொல்வதும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது, பச்சை முண்டு இருக்கிறது, பானை இருக்கிறது, டிரம் இருக்கிறது, வேகவைத்துப் பார்த்துவிடுவோமே என்றார். மறுத்தால் மறுத்தவர்மேல் சந்தேகம் வரும் என்பதால் இருவரும் தலையாட்டினார்கள்.

பின்முற்றத்தில் இரண்டு அடுப்பு மூட்டினார்கள். ஒன்றில் செம்புப் பானை, ஒன்றில் இரும்பு டிரம். ஒவ்வொன்றிலும் நாலு பச்சை முண்டு. சாணைக்காரர் நடுவில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஆண்கள் ஆளுக்கொரு சுவரோரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அன்றும் அதே அனல்காற்றுதான். கொடியில் கிடந்த துணி காய்ந்து விறைத்து நின்றது. அண்ணி டீ கொண்டுவந்து சாணைக்காரருக்குக் கொடுத்தாள், அண்ணனுக்குக் கொடுத்தாள், தட்டைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மெருகுக்காரி ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவந்து புருஷன் பக்கத்தில் வைத்தாள். அவர் தட்டைக் காலால் அரையடி தள்ளினார். கால் மணி நேரம் கழித்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, முட்டையை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு செம்புப் பானைக்கு அடியில் 'சுர்' என்று ஒரு சத்தம். பானையின் வயிற்றில் கரி உதிர்ந்து, அதற்குள்ளிருந்து ஊறிப்போன மாவு ஒரு துண்டாகக் கழன்று விழுந்தது. பின்னாலேயே தண்ணீர். சொட்டு சொட்டாக வந்தது கொஞ்ச நேரத்தில் நூலாகவே ஒழுகித் தீயை அணைத்தது. புகை முற்றமெல்லாம் சுற்றி எல்லார் கண்ணையும் கரித்தது.

சாணைக்காரர் குனிந்து மாவுத் துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். பேசாமல் அதை முக்காலிமேல் வைத்துவிட்டு, டிரம்மின் மூடியைத் தூக்கினார். உள்ளே தண்ணீர் நீலக்கறுப்பாகத் திரும்பியிருந்தது. இடுக்கியால் ஒரு முண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பதினொரு மாதத்துக்கு முன்னால் கறுத்த கட்டை எப்படி இருந்ததோ அச்சு அசல் அப்படியே இருந்தது.

அவர் புருஷனைப் பார்த்துக் கேட்டார். "தீயே அணைஞ்சு போற அளவுக்கு ஒழுகுது. பக்கத்துல உக்காந்திருந்த உங்களுக்கு இது தெரியலையா?"

நூலு தரையைப் பார்த்தார்.

"மதியம் வந்து மூடியத் தொறந்தீங்களே, பானை அப்ப காலியால்ல கெடந்திருக்கும்? எந்தக் கட்டையப் பாத்தீங்க?"

நாக்கு குனிந்து அணைந்த அடுப்பைக் கிளறினார்.

மெருகுக்காரி காத்திருந்தாள். இப்போதாவது யாராவது ஒருவர், நான் அன்றைக்கு இங்கே இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தாள். ஒருவர் சொன்னால் போதும், மற்றவரும் சொல்லிவிடுவார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை பாடு.

அண்ணன் தொண்டையைச் செருமினார். சாணைக்காரரைப் பார்க்கவில்லை. பதினொரு மாதத்தில் முதல் தடவையாகத் தங்கை புருஷனை நேராகப் பார்த்தார்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை. நம்ம ரெண்டு பேரையும் பதினொரு மாசமா மொட்டையடிச்சு உக்கார வச்சிருக்கா."

புருஷன் நிமிர்ந்தார். முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. "அதான் மச்சான் எனக்கும் தாங்கல. பக்கத்துலயே படுத்துக்கிட்டு, ஒரு வார்த்த மூச்சு விடலையே இவ."

அதற்குப் பிறகு பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. பதினொரு மாதம் சேர்த்துவைத்ததெல்லாம் கரையுடைத்துக்கொண்டு வந்தது, ஆனால் எல்லாம் ஒரே திசையில் வந்தது. மூன்று மூட்டைக் கட்டை போச்சே என்றார் ஒருவர். கட்டை போனால் போகட்டும், மானம் போச்சே என்றார் மற்றவர். மாவைப் பிசைந்து அடைத்துக் கரி தடவத் தெரிந்தவளுக்கு இரும்பு ஆகாது என்று தெரியாதாம், யார் காதில் பூச்சுற்றுகிறாள் என்றாள் அண்ணி. சீட்டாட்டமும் குறட்டையும் அந்த முற்றத்தில் யார் வாயிலும் வரவில்லை. சாணைக்காரர் இரண்டு முறை வாயெடுத்துப் பார்த்தார். நடுவில் நீங்கள் சும்மா இருங்கள், இது எங்கள் குடும்ப விஷயம் என்று இருவரும் சேர்ந்தே அவரை அடக்கினார்கள். அண்ணன் எழுந்துபோய் மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார். பட்டறை இனிப் பிரியவேண்டியதில்லை என்று அப்போதே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அவள் ஆசைப்பட்டது இதைத்தான். இருவரும் பேச வேண்டும், வீடு இரண்டாகக் கூடாது. கேட்டது கிடைத்துவிட்டது. அவளுக்கு நெஞ்சு முழுக்க வெறுப்பு. இரண்டு பேரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடலாம் போலிருந்தது.

"சாணையண்ணே, கொஞ்சம் இருங்க" என்றாள். அவர் கிளம்பப் பையை எடுத்திருந்தார். "ஒருத்தர் கூறு போடணும், மத்தவங்க எடுக்கணும். அதானே முறை? நான் கூறு போடுறேன்."

எதுக்குக் கூறு, அதெல்லாம் முடிஞ்சுபோச்சு என்றார் அண்ணன். அவள் காதில் வாங்கவில்லை. விறகுக் கொட்டகைக்குப் பின்னால் எரிப்பதற்கென்று போட்டுவைத்திருந்த மூன்று மூட்டைக் கறுப்புக் கட்டையை ஒவ்வொன்றாக இழுத்துவந்து முற்றத்தில் வைத்தாள். டிரம்மில் இருந்த மையைக் கொட்டிவிட்டு அதையும் பக்கத்தில் உருட்டி நிறுத்தினாள். பிறகு பட்டறைக்குள் போனாள்.

சாமான்களை அவள் எடுத்த விதத்தைச் சாணைக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு கரண்டி பிட்டையும் விட்டுவிட்டுத் தேய்ந்த குவியலில் ஒரு பழைய பிட்டைத் தேடி எடுத்து, நகத்தில் உரசிப் பார்த்தாள். கறுப்பேறிய மரம் இறுகிக் கிடந்தது, புது முனை அதில் கடித்துக்கொண்டு உடையும். தேய்ந்தது மெதுவாகப் போகும், ஆனால் போய்ச் சேரும். லேத்தைத் தொடவில்லை. கைத்துரப்பணம் ஒன்றை எடுத்துக்கொண்டாள், கையால் சுற்றினால் கட்டைக்குள் மண் அடைந்த துளை எங்கே இருக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும். அரைவட்ட அரம் ஒன்று. மரப்பிடியில் ஐந்து ஆணி அடித்த சீப்பு ஒன்று; ரேகை தெரியாத கறுப்புக் கட்டையை மழமழவென்று இழைத்துப் பயனில்லை, அதைக் கீறிச் சொரசொரப்பாக்கினால்தான் ஒரு முகம் வரும். சாணைக்காரரின் குழாய் அப்படிச் செய்ததுதான். கடைசியாகத் துணிச்சக்கரத்தையும் மெழுகையும் பசைக் கிண்ணத்தையும் தண்டுப் பெட்டியில் பாதியையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இது ஒரு கூறு. உள்ள இருக்கிறது அத்தனையும் ஒரு கூறு. பிரிச்சவ நான். எடுக்கிறது நீங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எட்டு வருஷக் கட்டை, இரண்டு லேத்து, ஆறு கரண்டி பிட்டு ஒரு பக்கம். அடுப்புக்குப் போக வேண்டிய கரியும் துருப்பிடித்த டிரம்மும் ஒரு பக்கம். துணிச்சக்கரம் போகுதே என்று புருஷன்தான் மெல்ல இழுத்தார். துணியைச் சுத்தினா சக்கரம், இதுக்கு என்ன படிப்பா வேணும் என்றார் அண்ணன்.

"உள்ள இருக்கிறது எங்களுக்கு" என்றார்கள் இருவரும். ஒரே குரல், ஒரே மூச்சு.

"சரி" என்றாள் அவள். "சாணையண்ணே, நீங்க சாட்சி."

விறகுக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி அங்கேயே பலகை போட்டு உட்கார்ந்தாள். வீட்டில்தான் சாப்பிட்டாள், வீட்டில்தான் படுத்தாள். சாப்பாட்டின்போது எதிரெதிரே உட்கார்ந்து அவளைக் குத்திக்காட்டுவது ஆண்களுக்கு ஒரு தொடுகறி மாதிரி ஆயிற்று. இரும்புக் கரண்டியைக் குழம்பில் விடாதே, கறுத்துவிடும் என்பார் ஒருவர். அவளைக் கேட்டால் தெரியாது என்பாள் என்று முடித்துவைப்பார் மற்றவர். அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவாள். முதல் கறுப்புக் குழாய் குடையும்போது வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவது நின்றது.

அண்ணன் தேர்ந்தார், புருஷன் குடைந்தார். ஒரு வாரத்தில் இருபத்துநாலு குழாய்கள் உருவாகி மேசைமேல் வரிசையாக நின்றன. வெள்ளிக்கிழமை கடைக்காரர் வந்து எடுத்துப்போக வேண்டும். புதன்கிழமை காலை அவள் ஆணிச்சீப்பால் ஒரு கிண்ணத்தைக் கீறிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப்பக்கம் புது லேத்து ஓடுகிற சத்தம் கேட்டது. அதில் துணியைச் சுற்றி மெருகு போடப் பார்க்கிறார்கள் என்று சத்தத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மெழுகு கருகுகிற நாற்றம் வந்தது. பிறகு எபனைட் தண்டு ஒன்று பட்டென்று முறிந்தது. பிறகு இன்னொன்று.

லேத்து நின்றது.

ஓட்டை விழுந்த கட்டையாப் பாத்து எடுத்திருக்கீங்களே, எட்டுல அஞ்சு ஓட்டை என்றது புருஷன் குரல். ஓட்டை கட்டையில இல்ல, நீங்க போட்ட துளை கோணல், தண்டு எப்படி நிக்கும் என்றது அண்ணன் குரல். இத்தனை நாள் எப்படி நின்னுச்சு என்று இவர் கேட்க, அதைத்தான் நானும் கேட்கிறேன் என்று அவர் கத்த, இருவரும் சட்டென்று நிறுத்தினார்கள்.

அவள் கையில் இருந்த கிண்ணத்தை ஊதித் தூசியைப் போக்கினாள்.

"போய்க் கூப்பிடுங்க மாப்பிள்ளை. உங்க பொண்டாட்டிதானே."

"நீங்க கூப்பிடுங்க மச்சான். உங்க தங்கச்சிதானே."

"நான் ஏன் கூப்பிடணும்? அன்னிக்கு அடுப்ப விட்டுட்டுச் சீட்டாடப் போனது யாரு?"

"மேல படுத்துத் தூங்கினது யாரு?"

ஒரு அரம் சுவரில் வந்து மோதி விழுந்தது. அண்ணி ஓடிவருகிற காலடி கேட்டது. மெருகுக்காரி எழுந்திருக்கவில்லை. துணிச்சக்கரத்தை மிதித்துச் சுற்றவிட்டு, மெழுகை ஒரு முறை தொட்டெடுத்து, கறுப்புக் குழாயை அதன்மேல் வைத்தாள்.